கணக்கில் வராத போன்கள்

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நோக்கியா போனில் தமிழ் படித்தவர்கள் பலருக்கு ஒரு வித்தை தெரிந்திருக்கும். முதலில் ஓப்பரா மினி பிரவுசரை இறக்கிக்கொள்ள வேண்டும். முகவரி அடிக்கும் பட்டையில் 'கன்ஃபிக்' என்று முடியும் ஒரு சங்கேதத்தை அடித்தால் ஒரு பட்டியல் விரியும். அதில், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டலாமா என்று கேட்கும் ஒரு வரி இருக்கும். 'இல்லை' என்றிருப்பதை 'ஆம்' என்று மாற்றிச் சேமித்துவிட்டுத் திரும்பினால், அதுவரை கட்டம் கட்டமாகத் தெரிந்த பக்கம் தமிழாகியிருக்கும். எங்கோ இருந்த ஓப்பராவின் சர்வர், தமிழ் எழுத்துகளைப் படமாக்கி அந்தச் சின்னத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்த சூட்சுமம் அது.

யூனிகோடின் முதல் பதிப்பு வந்த 1991-லேயே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. விண்டோஸ் 2000-லேயே லதா எழுத்துரு வந்துவிட்டது. ஆகவே 2010-ல் தமிழ்த் தளம் நடத்திய ஒருவர், "யூனிகோடுதான் எல்லா இடத்திலும் வேலை செய்கிறதே" என்று சொல்லியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய மேசையில் வேலை செய்தது. பஸ்ஸில் நின்றபடி படித்தவர் கையில் வேலை செய்யவில்லை. கட்டங்களைப் பார்த்து எரிச்சலோடு மூடியவரும் அந்தத் தளத்தின் பதிவேட்டில் ஒரு வருகையாகத்தான் ஏறியிருப்பார்.

அந்தக் கட்டங்கள் இப்போது இல்லை. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஏறக்குறைய மாதம் ஒரு பதிப்பு வெளியிடுகின்றன; ஒவ்வொன்றிலும் ஏதாவது புது வசதி வருகிறது. அதைத் தளம் கட்டுகிறவர் எப்போது நம்பி எடுத்துக்கொள்ளலாம்? "போதுமான பேரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது" என்று யார், எதை வைத்துச் சொல்வது? மென்பொருள்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சமாசாரமாக இது இருந்த காலம் போய்விட்டது. பட்டா, சிட்டா முதல் தேர்வு விண்ணப்பம் வரை எல்லாம் பிரவுசர் வழியாகத்தான் என்று ஆன பிறகு, யாருக்கு வாசல் திறக்கும், யாருக்குத் திறக்காது என்பதை இந்தச் சின்ன முடிவுகள்தான் தீர்மானிக்கின்றன.

இதற்கென்று இப்போது ஓர் அளவுகோல் இருக்கிறது. 2023 மே மாதம் கூகுள் தன் ஆண்டு மாநாட்டில் 'பேஸ்லைன்' என்ற முத்திரையை அறிவித்தது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வெப்டிஎக்ஸ் குழு அதன் வரையறையைக் கவனித்துக்கொள்கிறது. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகிய நான்கும், கணினிப் பதிப்பு, போன் பதிப்பு உட்பட, ஒரு வசதியை ஏற்றுக்கொண்டுவிட்டால் அது 'புதிதாகக் கிடைப்பது'. அன்றிலிருந்து 30 மாதம் கழிந்தால் 'பரவலாகக் கிடைப்பது' என்று பதவி உயர்வு. இரண்டரை ஆண்டுக்குள் பெரும்பாலானோர் பிரவுசரைப் புதுப்பித்திருப்பார்கள் என்பது கணக்கு.

முந்தைய நிலையைப் பார்த்தால்தான் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். வெப்பி என்ற படக்கோப்பு வகையை எடுத்துக்கொள்ளலாம். ஜேபெக்கைவிடச் சிறியதாகப் படத்தைச் சுருக்கும் இந்த வகையை கூகுள் 2010 செப்டம்பரில் அறிவித்தது. ஃபயர்ஃபாக்ஸ் அதை ஏற்றுக்கொண்டது 2019 ஜனவரியில். சஃபாரி ஏற்றுக்கொள்ள 2020 செப்டம்பர் ஆயிற்று. முழுதாகப் பத்து ஆண்டு! அதுவரை வெப்பியை விரும்பிய தளங்கள் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதி வைத்துக் குடும்பம் நடத்தின. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பக்கத்தை வரிசை, நெடுவரிசை என்று பிரித்து அடுக்க உதவும் 'கிரிட்' 2017 மார்ச்சில் ஒரே மாதத்தில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றிலும் வந்து இறங்கியது. அக்டோபரில் எட்ஜும் சேர்ந்துகொண்டது. எது பத்து ஆண்டு இழுக்கும், எது ஒரே மாதத்தில் முடியும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. எனவே ஒரு பொது முத்திரை நல்லதுதான்.

சிக்கல் முத்திரையில் இல்லை. அதைப் பார்த்தவுடன் யோசிப்பதை நிறுத்திவிடுகிறோமே, அங்கே இருக்கிறது.

இன்னும் விண்டோஸ் 7 ஓடும் ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினியை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறக்கூடிய கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு. 2023 ஜனவரியில் வந்தது. இப்போது சிஎஸ்எஸ் எனப்படும் பக்க அலங்கார மொழியிலிருந்து இரண்டு வசதிகள். ஒன்று, ஒரு விதிக்குள்ளேயே இன்னொரு விதியைச் செருகி எழுதும் முறை. மற்றது, ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து அந்தப் பெட்டியின் தோற்றத்தை மாற்றும் முறை. இரண்டுமே நான்கு பிரவுசர்களிலும் நிறைவடைந்தது 2023 டிசம்பரில்தான். 30 மாதம் கூட்டினால் இரண்டுக்கும் 2026 ஜூன். ஒரே மாதம், ஒரே முத்திரை. ஆனால் ஜெராக்ஸ் கடையில் கதை வேறு. பெட்டிக்குள் பார்க்கும் வசதி குரோம் 105-லேயே வந்துவிட்டதால் அங்கே வேலை செய்யும். செருகி எழுதும் முறை 112-ல் வந்தது. அந்தக் கணினி அதை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. 30 மாதம் என்ன, 300 மாதம் காத்திருந்தாலும் பார்க்காது.

இதில் வேடிக்கை, செருகி எழுதிய விதிகளைத் தளத்தில் ஏற்றும் முன் பழைய பாணிக்குப் பிரித்துத் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எழுதுகிறவர் புதிய முறையில் எழுதலாம். படிக்கிறவருக்குப் பழைய முறையில் போய்ச் சேரும். அந்த ஒரு படியைச் செய்ய வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும், அவ்வளவுதான். முத்திரை பச்சையாக இருந்தால் தோன்றாது.

எத்தனை சதவீதம் பேரிடம் வந்துவிட்டது என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வராதவருக்கு என்ன ஆகும்? இதற்கான விடை வசதிக்கு வசதி மாறும். மூன்று உதாரணங்களைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

பிறந்த தேதி கேட்கும் பெட்டி முதலாவது. அதைத் தொட்டால் நாட்காட்டி விரியும் வசதி குரோமில் 2012-லிருந்து இருக்கிறது. மேக் கணினியின் சஃபாரிக்கு அது வந்தது 2021 ஏப்ரலில். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் சஃபாரியில் திறந்தவருக்கு என்ன ஆயிற்று? பெரிதாக ஒன்றுமில்லை. நாட்காட்டிக்குப் பதில் வெறும் பெட்டி. தேதியைக் கையால் அடிக்க வேண்டும். 05-06 என்று அடித்தால் ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்ற குழப்பம் வரலாம். பக்கத்தில் 'நாள், மாதம், ஆண்டு' என்று ஒரு வரி எழுதிவைத்தால் அதுவும் தீர்ந்தது. இப்படி இறங்கி வரத் தெரிந்த வசதியை முதல் நாளிலேயே பயன்படுத்தலாம். காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

இரண்டாவது கொஞ்சம் குறும்புக்கார ரகம். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பொத்தான்களுக்கு நடுவே இடைவெளி விடும் வசதி அது. சஃபாரிக்கு 2021-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஐபோனில் 'சமர்ப்பி'யும் 'அழி'யும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல நிற்கும். கட்டைவிரல் எதில் விழுகிறதோ அது விதி. "உனக்கு இந்த வசதி தெரியுமா?" என்று பிரவுசரையே கேட்டுவிட்டு அதற்கேற்ப நடந்துகொள்ளும் முறை ஒன்று உண்டு. இந்த விஷயத்தில் அதுவும் கைகொடுக்கவில்லை. கிரிட்டுக்குள் இடைவெளி விடப் பழைய சஃபாரிக்கும் தெரியும். ஆகவே "தெரியுமே" என்று கூசாமல் சொல்லும். சொல்லிவிட்டு, பொத்தான் வரிசையில் கோட்டைவிடும்.

மூன்றாவதுதான் கொடுமை. பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டில், கேள்விக்குறிக்குப் பின் ஒரு புள்ளி வைத்து எழுதும் சுருக்கம் 2020-ன் முதல் மூன்று மாதங்களில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்தது. எழுதுகிறவருக்கு இரண்டு வரி மிச்சம். ஆனால் அலங்கார மொழியில் தெரியாத வரியை பிரவுசர் தாண்டிப் போய்விடும். ஜாவாஸ்கிரிப்டில் அந்தப் பெருந்தன்மை கிடையாது. புரியாத குறி ஒன்றைக் கண்டால் அந்தக் கோப்பு முழுவதையும் அப்படியே ஒதுக்கிவிடும். பக்கம் முழுக்க அந்தக் கோப்பை நம்பிக் கட்டப்பட்டிருந்தால், பழைய பிரவுசரில் தெரிவது வெள்ளைத் திரை மட்டும்தான். என்ன தப்பு என்றுகூடச் சொல்லாது. பார்ப்பவர் நெட் வரவில்லை என்று நினைத்து ரீசார்ஜ் செய்துகொண்டிருப்பார்.

மூன்றுக்கும் முத்திரை ஒன்றுதான். பாதிப்பு ஒன்றல்ல.

சரி, சதவீதமாவது நம்பகமானதா? 'கேன் ஐ யூஸ்' என்ற தளத்தில் எந்த வசதியைத் தேடினாலும் பச்சை, சிவப்புக் கட்டங்களோடு ஒரு சதவீதமும் வரும். அந்த எண்ணின் ஊற்று ஸ்டாட்கவுண்டர் என்ற நிறுவனம். தன் எண்ணும் கருவியைப் பொருத்தியிருக்கும் தளங்களில் எந்த பிரவுசர் எத்தனை பக்கம் திறந்தது என்று அது எண்ணுகிறது. எண்ணப்படுவது பக்கங்கள், ஆட்கள் அல்ல. ஒரு நாளில் நூறு பக்கம் புரட்டும் ஐடி ஊழியரும், மாதத்தில் இரண்டு பக்கம் திறக்கும் விவசாயக் கூலித் தொழிலாளியும் அந்தக் கணக்கில் ஐம்பதுக்கு ஒன்றுகூட இல்லை. அதைவிட மோசமான விகிதத்தில் நிற்கிறார்கள்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2020 நவம்பரில் ஓர் எச்சரிக்கை விட்டது. அதன் சான்றிதழ்கள் சாய்ந்து நின்ற பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பரில் காலாவதியாகிறது, 7.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டு போன்களுக்குப் புதிய மூலச் சான்றிதழைத் தெரியாது. அவற்றில் தளங்கள் பிழை காட்டும். அப்படிப்பட்ட போன்கள் எத்தனை? ஆண்ட்ராய்டு போன்களில் 33.8 சதவீதம். மூன்றில் ஒன்று. ஆனால் பெரிய தளங்களை நடத்துகிறவர்களிடம் கேட்டபோது, அந்தப் போன்களிலிருந்து வரும் போக்குவரத்து 1 முதல் 5 சதவீதம்தான் என்றார்கள். போனை எண்ணினால் மூன்றில் ஒரு பங்கு. பக்கத்தை எண்ணினால் மிஞ்சிப்போனால் இருபதில் ஒரு பங்கு.

போக்குவரத்துக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அந்த அமைப்பு தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. பழைய ஆண்ட்ராய்டு, மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பார்ப்பதே இல்லை என்ற ஒரு விநோதத்தைப் பிடித்துக்கொண்டு, பழைய மூலச் சான்றிதழின் உரிமையாளரிடம் மேலும் மூன்று ஆண்டுக்கு ஒரு குறுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கோடிக்கணக்கான போன்கள் தங்களுக்கு நடக்கவிருந்தது என்ன என்றே தெரியாமல் தப்பின.

யூடியூபில் பொறியாளராக இருந்த கிறிஸ் ஸகாரியாஸ் என்பவர் எழுதிய இரண்டு அனுபவங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் 2009-ஐச் சேர்ந்தவை. அப்போது 2001-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 இன்னும் உயிரோடு இருந்தது. யூடியூபுக்கு வந்தவர்களில் 18 சதவீதம் பேர் அதில்தான் வந்தார்கள். அதற்காகவே தனி வேலை பார்த்துச் சலித்துப்போன ஸகாரியாஸ் குழு, மேலிடத்தைக் கேட்காமலேயே ஒரு வேலை செய்தது. "இந்த பிரவுசருக்கான ஆதரவு விரைவில் நிறுத்தப்படும்" என்று ஒரு பட்டையை அந்தப் பழைய பிரவுசரில் மட்டும் தெரியும்படி வைத்தார்கள். கூடவே புதிய பிரவுசர்களுக்கு இணைப்பு. ஒரே மாதத்தில் யூடியூபில் அந்தப் பிரவுசரின் பங்கு பாதியானது. பார்த்தால், தைரியமாக அறுத்துவிடுவதே நல்லது என்று தோன்றும்.

இரண்டாவது அனுபவம் அதே ஆள், அதே தளம். வீடியோ பக்கம் 1.2 மெகாபைட் எடையோடு இருந்ததை அவர் 98 கிலோபைட்டாக இளைக்க வைத்தார். வெளியிட்டுவிட்டுப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால், பக்கம் திறக்க ஆகும் சராசரி நேரம் கூடியிருந்தது! இளைத்த பக்கம் எப்படி மெதுவாகும்? தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு நிலவரைபடத்தில் போட்டுப் பார்த்தார்கள். தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, சைபீரியா என்று அதுவரை எட்டிப் பார்க்காத இடங்களிலிருந்து கூட்டம் வந்திருந்தது. அங்கே பழைய பக்கம் திறக்க இருபது நிமிடம் ஆகும், யாரும் காத்திருக்கவில்லை. புதிய பக்கம் இரண்டு நிமிடத்தில் திறந்தது, காத்திருந்து பார்த்தார்கள். அந்த இரண்டு நிமிடங்கள்தான் சராசரியை ஏற்றிவிட்டிருந்தன. முன்பு அவர்கள் கணக்கில் பூஜ்யம். தளத்தால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள், "நம் தளத்துக்கு அந்த மாதிரி ஆட்கள் வருவதில்லை" என்பதற்கே சான்றாக நின்றுகொண்டிருந்தார்கள்.

இரண்டையும் முரண் என்று பார்க்க வேண்டியதில்லை. பட்டையைப் பார்த்தவர்களில் பலர் மாற முடிந்தவர்கள். புதிய பிரவுசர் இலவசம். அவர்கள் கணினி அதைத் தாங்கும். ஒரு உந்துதல்தான் தேவைப்பட்டது. மாற முடியாதவருக்கு அந்தப் பட்டை வெறும் அவமதிப்பு.

மாற முடியாதவர் யார்? 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்ட ஜியோபோன் நல்ல உதாரணம். திருப்பித் தரப்படும் முன்பணம் 1,500 ரூபாய். பொத்தான் போனுக்குள் இணையம். 10 கோடிக்கும் மேற்பட்டோரிடம் அது போய்ச் சேர்ந்ததாக நிறுவனம் சொன்னது. அதன் கைஓஎஸ் இயங்குதளத்துக்குள் இருந்த பிரவுசர் எஞ்சின் ஃபயர்ஃபாக்ஸ் 48-க்குச் சமமானது, அதாவது 2016 ஆகஸ்ட் சரக்கு. கிரிட் வந்ததோ ஃபயர்ஃபாக்ஸ் 52-ல். போன் அறிவிக்கப்பட்டதற்கு நான்கு மாதம் முன்பே உலகம் கொண்டாடிய வசதி, புத்தம் புதிய டப்பாவைப் பிரித்து எடுத்த போனில் இல்லை. பிறக்கும்போதே வயதாகிப் பிறந்த போன் அது. பிரவுசரை மட்டும் தனியாகப் புதுப்பிக்கும் வழி வாங்கியவருக்குக் கிடையாது.

விலை உயர்ந்த பக்கத்திலும் இதே கதைதான். ஐபோன் 6 என்றால் ஐஓஎஸ் 12-ஓடு நின்றுவிடும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்று எதை இறக்கினாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் அதே பழைய வெப்கிட் எஞ்சின்தான்; வெப்பிப் படம் எதிலும் தெரியாது. அண்ணனிடமிருந்து தங்கைக்கு, தங்கையிடமிருந்து அம்மாவுக்கு என்று கைமாறி வந்த போனில் கடை ஆப்பிளாகத் தெரிகிறதே தவிர, சரக்கு 2018-உடையது.

அமெரிக்க மத்திய அரசுத் தளங்களுக்கான வடிவமைப்புத் தொகுப்பு ஒரு விதி வைத்திருக்கிறது: அரசுத் தளங்களுக்கு வருவோரில் 2 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தும் பிரவுசர் எதுவானாலும் அதில் வேலை செய்ய வேண்டும். உலகச் சராசரியை நம்பாமல் தங்கள் வாசலுக்கு வருவோரைத் தாங்களே எண்ணுவதும், அந்த எண்ணிக்கையைப் பொதுவில் வைப்பதும் மெச்சத்தக்கது. ஆனால் 2 சதவீதம் என்பதை ஆட்களாக மாற்றிப் பார்க்க வேண்டும். 2024-ல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அதில் 2 சதவீதம் என்றால் 40,000 பேர். ஒரு தாலுகா தலைநகரத்தின் மக்கள்தொகை. "98 சதவீத ஆதரவு" என்று கூட்டத்தில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "40,000 பேருக்கு ஃபார்ம் திறக்காது" என்றால் யாராவது நிமிர்ந்து உட்காருவார்கள்.

பிரவுசர் புதியதாகவே இருந்தாலும் வசதி போய்ச் சேர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2013-ல் ஒரு சோதனை செய்தது. தங்கள் தளத்துக்கு வருவோரில் எத்தனை பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேரவில்லை? விடை 1.1 சதவீதம். அதில் வேண்டுமென்றே அணைத்துவைத்தவர்கள், பிரவுசரில் அது இல்லாதவர்கள் எல்லாம் சேர்த்து 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதம் பேரிடம் பிரவுசர் சரியாகவே இருந்தது. சிக்னல் விட்டுப்போனதோ, அலுவலக வலைப்பின்னல் தடுத்ததோ, கோப்பு பாதியில் நின்றதோ, ஏதோ ஒரு காரணத்தால் வேலை செய்யவில்லை. மலைப்பாதையில் பஸ் போகும்போது நெட் அறுந்து அறுந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்த 0.9-க்கு விளக்கம் வேண்டியதில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, அப்படியானால் புதியது எதையும் தொடாமல் இருந்துவிடலாமே என்று யாராவது சொன்னால் அதுவும் ஆபத்து. தென்கொரியா அந்த வழியில் போய்ப் பார்த்தது. 1990-களின் இறுதியில் இணையப் பரிவர்த்தனைக்கு உள்நாட்டுக் குறியாக்க முறையை வைத்துக்கொண்டார்கள். அது இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஆக்டிவ்எக்ஸ் வழியாகத்தான் ஓடும். வங்கி, அரசுப் படிவம், இணையக் கடை எல்லாம் இருபது ஆண்டு அந்த ஒரே பிரவுசரின் கயிற்றில் கட்டுண்டு கிடந்தன. அந்த முறையோடு பிணைந்திருந்த மின்னணுச் சான்றிதழின் ஏகபோகம் சட்டப்படி முடிவுக்கு வந்தது 2020 டிசம்பரில். 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்புளோரருக்கு விடைகொடுத்தபோது, கொரிய மென்பொருள் பொறியாளர் ஒருவர் சொந்தச் செலவில் அதற்குக் கல்லறைக் கல் செய்து, கியோங்ஜு நகரில் தன் சகோதரர் நடத்தும் காபிக் கடையில் நிறுத்தினார். வேறு பிரவுசரை இறக்கிக்கொள்ள நன்றாக உதவியவர் என்று அதில் பொறித்திருந்தார்.

தென்னாப்பிரிக்க வரித்துறை இன்னும் ஒரு படி மேலே போனது. ஃபிளாஷ் தொழில்நுட்பம் 2020 டிசம்பர் 31-உடன் முடிகிறது என்று மூன்று ஆண்டு முன்பே உலகத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் வரித்துறையின் படிவங்கள் சில ஃபிளாஷிலேயே நின்றுவிட்டன. 2021 ஜனவரியில் வரித்துறை செய்த காரியம், ஃபிளாஷ் ஓடும் தனி பிரவுசர் ஒன்றைத் தானே வெளியிட்டது! படிவத்தை மாற்றுவதற்குப் பதில் நாட்டையே பிரவுசர் மாற்றச் சொன்ன அலுவலகம் வேறு இருக்குமா தெரியவில்லை.

பழைய பிரவுசர்களுக்காக ஒட்டுப் போடுவதிலும் செலவு உண்டு. இல்லாத வசதியை ஜாவாஸ்கிரிப்டால் நிரப்பும் ஒட்டுத்துணிகளை இலவசமாக வழங்கிவந்த பாலிஃபில்.ஐஓ என்ற முகவரி 2024-ன் தொடக்கத்தில் கைமாறியது. ஜூன் மாதம் அதன் வழியாகத் தீய நிரல் ஓடுவது தெரியவந்தது. அதைப் பொருத்தியிருந்த தளங்கள் 1 லட்சத்துக்கும் மேல். அவற்றில் பலவற்றுக்கு அந்த ஒட்டே தேவையில்லாமல் போய்ப் பல ஆண்டு ஆகியிருந்தது. என்றோ ஒருநாள் யாரோ ஒட்டினார்கள். எடுக்க யாருக்கும் நினைவில்லை.

ஆகவே தேதியும் சதவீதமும் மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. சினிமா விமர்சனத் தளம் ஒன்று நாளை வரப்போகும் வசதியை இன்றே போட்டுப் பார்க்கட்டும். திறக்காதவர் வேறு தளத்துக்குப் போவார், நஷ்டம் தளத்துக்குத்தான். மாற்று வாசலே இல்லாத இடங்கள் வேறு: தேர்வு விண்ணப்பம், கலந்தாய்வு, ரேஷன் அட்டை, பென்ஷன், மருத்துவக் காப்பீடு. இங்கே 'பரவலாகக் கிடைப்பது' என்ற முத்திரையை வைத்து அலங்காரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். படிவம் நிரம்புவதும், அனுப்பு என்றால் போய்ச் சேருவதும், ரசீது வருவதும் மட்டும் புதிய வசதி எதன் தலையிலும் நிற்கக் கூடாது. வெறும் படிவம், ஒரு பொத்தான், சர்வர் திருப்பி அனுப்பும் ஒரு பக்கம். 1990-களின் பிரவுசரே செய்த வேலைதான்.

இதை டெண்டரிலேயே எழுதலாம். "எல்லா நவீன பிரவுசர்களிலும் இயங்க வேண்டும்" என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. நவீனம் எது என்று ஒப்பந்தக்காரரே சொல்லிக்கொள்வார். விண்டோஸ் 7-ல் குரோம் 109, ஆண்ட்ராய்டு 7-ல் குரோம் 119, ஐஓஎஸ் 12, கைஓஎஸ் 2.5 என்று எண்ணோடு எழுதினால் வாதத்துக்கு இடமில்லை. பட்டியலில் எதை நீக்குவது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை, வந்தவர்களின் பதிவேட்டோடு இ-சேவை மையங்களில் உதவி கேட்டு நின்றவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்து முடிவு செய்யலாம். தளம் திறக்காமல் திரும்பியவர்கள் தட்டும் அடுத்த கதவு பெரும்பாலும் அதுதான்.

சோதிக்கக் கருவிகள் வேண்டும் என்றால் சென்னை ரிச்சி தெருவில் ஒரு மதியம் சுற்றினாலே போதும். மூலை உடைந்த ஐபோன், பழைய ஆண்ட்ராய்டு, பொத்தான் தேய்ந்த ஜியோபோன் எல்லாம் தேடி எடுத்துவிடலாம். தளத்தைத் திறந்துவைப்பதற்கு முந்தின வாரம், அலுவலக வைஃபை இல்லாமல், அவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு விண்ணப்பத்தை முதல் பக்கத்திலிருந்து கட்டண ரசீது வரை நிரப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். நிரப்புகிறவர் அந்தத் தளத்தைக் கட்டிய பொறியாளராக இருக்கக் கூடாது. எந்தப் போன் எந்தப் பக்கத்தில் நின்றது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால், எந்த வசதி போதுமான அளவு பரவியிருக்கிறது, எது இன்னும் பரவவில்லை என்ற பட்டியல் அந்தத் தாளிலேயே இருக்கும்.